மாமியார் வராத நாள்

என் வீட்டுக்காரர் செயற்கைக்கோளுக்கு வைத்த பெயர் மாமியார். நிஜ மாமியார் போய்ச் சேர்ந்து வெகு காலம் ஆகிவிட்டது. மேலே இருந்துகொண்டு எதையும் விடாமல் பார்க்கிற ஒன்றுக்கு வேறென்ன பெயர் வைப்பது என்று அவர் கேட்டபோது வயிறு வலிக்கச் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது என் வாயிலேயே ஒன்று போடலாம் போலிருக்கிறது.

கடலைப் பார்ப்பதுதான் என் வேலை. நேரில் பார்த்து மாதக்கணக்கில் ஆகிறது என்பது வேறு விஷயம். ஜன்னல் இல்லாத அறையில், ஏசிக்குக் கீழே சால்வையைப் போர்த்திக்கொண்டு, செயற்கைக்கோள் அனுப்பும் ரேடார் படங்களைத் திரையில் பார்ப்பேன். ரேடாருக்கு மேகமும் இருட்டும் ஒரு தடையே இல்லை. அலையின் உயரம், காற்றின் வேகம், எங்காவது எண்ணெய் படர்ந்திருந்தால் அது, எல்லாம் தெரியும். கடல் கறுப்பாக இருக்கும். படகுகள் வெள்ளைப் புள்ளிகள்.

பக்கத்திலிருக்கும் வளைகுடா மீன்கள் குஞ்சு பொரிக்கிற இடம். அங்கே வலை போடத் தடை. தடை வந்த பிறகும் மீன் பெருகவில்லை, யாரோ உள்ளே புகுந்து அள்ளிக்கொண்டிருந்தார்கள். ஆனால் எங்கள் படங்களில் அங்கே ஒரு புள்ளிகூட விழவில்லை. என்றைக்குப் படம் எடுக்கப்போகிறோம் என்பதை அலுவலகத்துக்கு வெளியே யாரிடமும் சொல்லக் கூடாது.

"நம்ம ஆளு யாரோதான் நாள் சொல்லிக் குடுக்கறாங்க," என்றார் மேடம். எங்கள் பிரிவின் தலைவி அவர்.

"அவன் மட்டும் யாருன்னு தெரியட்டும் மேடம், நிக்க வெச்சுக் கேக்கறேன்," என்று குதித்தேன். எல்லோரையும்விட நான்தான் அதிகமாகக் குதித்தேன்.

வீட்டில் நான் எந்த ரகசியத்தையும் சொன்னதில்லை. படம் வருகிற நாளில் வேலை முடிய நேரமாகும், அவ்வளவுதான். காலையில் டீ குடிக்கும்போது அவர் கேட்பார்: "என்ன, இன்னைக்கு மாமியார் வராங்களா?" நான், "லேட்டாகும்," என்பேன். அன்றைக்கு அவர் மீன்பிடிப் படகை எடுக்க மாட்டார். பாப்பாவைப் பள்ளியிலிருந்து கூட்டி வருவார், சமைப்பார், துணிகூட மடித்து வைப்பார். அடுத்த தெருவில் இருக்கும் என் அக்கா பெருமூச்சு விடுவாள். "குடுத்து வெச்சவடி நீ. எங்க வீட்டுல ஒண்ணு இருக்கே, தண்ணி எடுத்துக் குடிக்கத் தெரியாது."

நானும் அப்படித்தான் நம்பினேன். எந்தப் படம் வந்தாலும் வேலையைத் தொடங்கும் முன் துறைமுகத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பது என் வழக்கம். படகுகளைக் கட்டும் தளத்தின் கடைசியில் எங்கள் படகு நிற்கும். பின்பக்கம் வலையை இழுக்க அவர் பொருத்திய இரும்புத் தூக்கி, வேறெந்தப் படகிலும் இல்லாதது, ரேடாரில் பளிச்சென்று தெரியும். 'ஐயா வீட்டுல சமையல்ல இருக்காரு' என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு அலைகளைக் கவனிக்கத் தொடங்குவேன்.

போன வாரம் தூரக் கடலில் ஒரு சரக்குக் கப்பல் எண்ணெயைக் கொட்டிவிட்டது. அவசரத்துக்கு வேறொரு நாட்டின் செயற்கைக்கோளிலிருந்து ஒரு படம் கேட்டு வாங்கினோம். எங்கள் அட்டவணையில் இல்லாத படம். 'இன்னைக்குச் சீக்கிரம் வந்துடுவேன்' என்று நான் வீட்டில் சொல்லிவிட்டு வந்த நாள்.

வழக்கம்போல் துறைமுகத்தைப் பெரிதாக்கினேன். தளத்தின் கடைசி காலியாக இருந்தது.

இன்னொரு திரையில் படகுகளின் டிராக்கர் சிக்னல்கள் ஓடிக்கொண்டிருந்தன. அதில் எங்கள் படகு அதே இடத்தில் சாதுவாக நின்றது. டிராக்கரைக் கழற்றிக் கரையில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். வளைகுடாவுக்குள் ஒரே ஒரு வெள்ளைப் புள்ளி. பெரிதாக்கினேன். பின்பக்கம் அந்தத் தூக்கி.

படகு போனதுகூடப் பெரிதில்லை. அவர் சமைத்தது, துணி மடித்தது, 'மாமியார் வராங்களா' என்று கொஞ்சியது எல்லாம் படத்தில் நல்ல பிள்ளையாக நிற்பதற்காக. நாள் சொல்லிக் கொடுத்த ஆளைத் தேடினோமே, அது நான்தான். எனக்கே தெரியாமல் என்னைக் கருவியாக வைத்துக் குடும்பம் நடத்தியிருக்கிறார்.

மேடத்தைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் இரண்டு திரைகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"உன் வீட்டுக்காரர் படகுதானே?"

"ஆமா மேடம்."

"ஒரு படம் பத்தாது. இன்ஜின் நின்னு போச்சு, காத்து உள்ளே தள்ளிடுச்சுன்னு சொல்லுவாங்க. நாளைக்கு நம்மளே ஒண்ணு எடுக்கலாம்." பிறகு குரலைத் தாழ்த்தி, "வீட்டுல எப்பவும் போல இரும்மா," என்றார்.

எப்பவும் போல இருப்பது எப்படி என்று மேடம் சொல்லித் தரவில்லை. மறுநாள் காலை டீயை ஆற்றிக் கையில் கொடுத்துவிட்டு என் வீட்டுக்காரர் கேட்டார்:

"என்ன, இன்னைக்கு மாமியார் வராங்களா?"

உண்மையைச் சொன்னால் போதும், வீட்டிலேயே இருப்பார். பாப்பாவுக்குத் தலை வாரிவிடுவார். படம் சுத்தமாக வரும், ஒரு சிக்கலும் இல்லாமல் குடும்பம் ஓடும்.

"இல்லீங்க. சீக்கிரம் வந்துடுவேன்," என்றேன்.

அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இன்றைக்கு வேலை வேண்டாம், மூன்று பேருமாக எங்காவது போகலாம் என்று இந்த ஒரு தடவை சொல்லிவிட மாட்டாரா என்று மனசு அடித்துக்கொண்டது.

"அப்ப பாப்பாவை நீயே கூட்டிட்டு வந்துடு. எனக்கு ஷெட்ல இன்ஜின் வேலை இருக்கு," என்று தம்ளரைக் கழுவி வைத்தார்.

பாப்பாவைக் கூட்டிவர அக்காவிடம் சொல்லிவிட்டு அலுவலகம் போனேன். மாலையில் படம் மேலிருந்து கீழாகப் பட்டை பட்டையாகத் திரையில் இறங்கியது. முதலில் திறந்த கடல், பிறகு வளைகுடா. நான் அதைப் பார்க்கவில்லை. கடைசியில் வரப்போகும் துறைமுகத்துக்காகக் காத்திருந்தேன். படகு அங்கேயே இருக்கட்டும், நேற்றுப் பார்த்தது என் கண்ணின் கோளாறாகவே போகட்டும் என்று வேண்டாத சாமி இல்லை.

தளத்தின் கடைசி காலியாக இருந்தது.

போன் அதிர்ந்தது. அவரிடமிருந்து செய்தி. 'ஷெட்லதான் இருக்கேன், வேலை இழுக்குது. பாப்பாவை கூட்டிட்டு வந்துட்டியா?'

'வந்துட்டேன்' என்று பதில் அனுப்பினேன். பிறகு வளைகுடாவுக்குத் திரும்பிப்போய், அந்த வெள்ளைப் புள்ளியைச் சுற்றிக் கட்டம் போட்டு, பக்கத்தில் எங்கள் படகின் பதிவு எண்ணை எழுதினேன்.