எடுத்துத் தாங்கோ

சந்திரமதி அம்மாவின் மகன் குரலை அழித்தது நான்தான். மொத்தம் நூற்றுப் பன்னிரண்டு பதிவுகள். சர்வர் கோளாறு, வைரஸ் என்று எதன் மேலும் பழியைப் போட வழியில்லை. பொறுமையில்லாத என் காதுதான் காரணம்.

நான் கோயம்புத்தூர்க்காரி, பெயர் சுஷ்மிதா. சூரிச்சில் மென்பொருள் வேலை. பக்கத்தில் ஊஸ்டரில் யாழ்ப்பாணத் தமிழர்கள் நடத்தும் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கு ஓர் இணையதளம் உண்டு. பிள்ளைகள் ஜெர்மன் வாக்கியங்களைத் தங்கள் குரலில் பதிந்து அதில் ஏற்றுவார்கள். மொழிப் பரீட்சைக்குப் படிக்கும் பெற்றோர் அதைக் கேட்டுப் பழகுவார்கள். பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று அங்கே பாடம் நடத்தும் பிரபாலினி ஏப்ரலில் என்னிடம் கேட்டாள். பெரிய மனது பண்ணி ஒப்புக்கொண்டேன். பள்ளிப் பக்கம் போனதில்லை, எல்லாம் வீட்டிலிருந்தே.

பாஸ்வேர்டை மறப்பது அந்தப் பெற்றோருக்கு முழுநேரத் தொழில். அதனால் பாஸ்வேர்டையே தூக்கிவிட்டு, கூகுள் வழியாக நுழையும்படி மாற்றினேன். வந்திருப்பது இன்னார்தான் என்று கூகுள் நமக்குச் சாட்சி சொல்லும். பழைய கணக்கில் உள்ள மின்னஞ்சலுக்கு உரியவர் ஒரே ஒருமுறை ‘அனுமதி’ என்று அழுத்தினால் போதும். இரண்டு வாரத்தில் எல்லோரும் அழுத்திவிட்டார்கள், ஒருவரைத் தவிர. கணக்கு சந்திரமதி பெயரில் இருந்தது, மின்னஞ்சல் மகன் லக்ஷனுடையது. இங்கே பாதி அம்மாக்களுக்கு அப்படித்தான். கணக்கைத் தொடங்கிக் கொடுக்கும் பிள்ளை தன் மின்னஞ்சலையே போட்டுவிடும்.

மதிய இடைவேளையில் அவருக்குப் போன் செய்தேன். அடுத்த மீட்டிங்குக்கு ஐந்து நிமிடம் இருந்தது.

“அம்மா, உங்க மகன் மெயிலுக்குத்தான் அனுமதி கேட்டுப் போயிருக்கு. அவரை ஒரு தடவை அழுத்தச் சொல்லுங்க.”

“அவன் மோசம் போயிட்டான் பிள்ளை. மாசியிலை.”

எங்கள் ஊரில் மோசம் போவது என்றால் ஏமாறுவது. எனக்குக் கதை முழுவதும் புரிந்துவிட்டது. எவனோ போலி லிங்க் அனுப்பியிருக்கிறான், பையன் அழுத்தியிருக்கிறான், கணக்கு கைமாறிவிட்டது. மாசி முதல் இதை இப்படியே விட்டு வைத்திருக்கிறார்களே என்று எரிச்சல் வேறு.

“போலீஸ்ல சொன்னீங்களா?”

“பொலிஸ்தான் வீட்டை வந்து சொன்னது.”

“அப்ப அந்த மெயிலை இனி நம்ப முடியாதும்மா. பழைய கணக்கை நான் எடுத்துடறேன்.”

“ஓம் பிள்ளை, எடுத்துத் தாங்கோ. அதுக்குள்ளைதான் எல்லாம் கிடக்கு. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.”

நான் எடுத்துவிடுகிறேன் என்றது நீக்குவதை. அவர் கேட்டது மீட்டுத் தரச்சொல்லி. ‘தாங்கோ’ என்ற சொல்லை என் காது வாங்கவே இல்லை. மீட்டிங்குக்கு ஓடினேன்.

அன்று மாலையே கணக்கை அழித்தேன். திருடன் கையில் பிள்ளைகளின் குரல் சிக்கக்கூடாதே என்று பேக்கப்பிலிருந்தும் அழித்தேன். வேலையைச் சுத்தமாகச் செய்பவள் என்று எனக்கு என்னைப் பற்றி ஒரு நினைப்பு.

அந்தச் சனிக்கிழமை முதல்முறையாகப் பள்ளிக்குப் போனேன். சந்திரமதி அம்மா வகுப்பு வாசலில் காத்திருந்தார். முதியோர் இல்லச் சமையலறையில் வேலை செய்பவர், ஐம்பது வயதிருக்கும். அவர் போனில் புதுக் கணக்கு போட்டுக் கொடுத்து, பொத்தானை அவரையே அழுத்தச் சொன்னேன். உடனே திறந்தது. ‘பதிவுகள் எதுவும் இல்லை’ என்று காட்டியது.

“அவன்ரை குரல் எங்கை பிள்ளை?”

“அதெல்லாம் அழிச்சாச்சும்மா. அவர்தான் மோசம் போயிட்டாரே.”

அவர் ஒன்றும் விளங்காமல் பிரபாலினியைப் பார்த்தார். பிரபாலினி என்னைத் தனியே இழுத்தாள்.

“என்ன அக்கா கதைக்கிறியள்? லக்ஷன் கார் அடிச்சுச் செத்துப்போனவன். எங்கடை ஆக்கள் துக்கம் சொல்லேக்கை செத்தது எண்டு சொல்ல மாட்டினம். மோசம் போயிட்டான் எண்டுதான் சொல்லுவினம்.”

பெற்றவள் பிள்ளை இறந்ததைச் சொல்லியிருக்கிறாள், நான் போலீஸில் சொன்னீர்களா என்று கேட்டிருக்கிறேன். என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது. திரும்பி வந்து, நடந்ததை ஒளிக்காமல் அவரிடம் சொன்னேன். மன்னிப்புக் கேட்கும்போது அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழ எனக்கு என்ன உரிமை இருக்கிறது?

அவர் திட்டவில்லை.

“ஒரு வசனம் சொல்லி முடிய, ‘அம்மா, திருப்பிச் சொல்லுங்கோ’ எண்டுவான். நான் வேலைக்குப் போகேக்கை பஸ்ஸிலை இருந்து திருப்பிச் சொல்லுவன். சனம் பார்க்கும்” என்றார். பிறகு குரலைத் தணித்துக் கேட்டார்: “முழுக்க வேண்டாம் பிள்ளை. அந்த ‘அம்மா’ எண்டுறது மட்டும் எங்கையாவது மிஞ்சிக் கிடக்கோ எண்டு ஒருக்காப் பாருங்கோ.”

மிஞ்சவில்லை. அழித்த பிறகு இரண்டு தடவை சரிபார்த்தவளும் நான்தான். ஆனாலும் லேப்டாப்பைத் திறந்து, காலியான ஃபோல்டர்களை ஒவ்வொன்றாகத் திறந்து மூடினேன். இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. அவர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“அவசரமில்லைப் பிள்ளை, ஆறுதலாப் பாருங்கோ” என்றார். “எனக்கு இண்டைக்கு வேலையில்லை.”