ஞாயிற்றுக்கிழமைப் படகு

பூவராகவன் ஐந்தரைக்கு எழுந்தான். பல் துலக்கினான். கிணற்றில் இரண்டு வாளி சேந்திக் குளித்தான். முகம் மழித்தான். மற்ற நாளாக இருந்தால் அடுத்தது அலமாரியிலிருக்கும் இஞ்சி டிஞ்சர். அரைத் தம்ளர் தண்ணீரில் விட்டு ஒரே மூச்சாகக் குடித்துவிட்டுப் பாடம் நடத்தப் பள்ளிக்கூடம் போவான். மருந்துக் கடையில் வயிற்றுவலிக்கென்று விற்பது, உள்ளே இருப்பது சாராயம்தான். மதுவிலக்கு வந்ததிலிருந்து ஊரில் பாதிப் பேருக்கு வயிற்றுவலி. அன்று ஞாயிறு. அலமாரியைத் திறக்காமலே சட்டையை மாட்டிக்கொண்டு மீஞ்சூர் ஸ்டேஷனுக்கு நடந்தான்.

அவன் மனைவி வண்டார்குழலி இறந்து ஏழு மாதம். இரண்டு வயதுப் பெண்குழந்தையை அவளுடைய அண்ணன் பரசுராமன் திருவாலங்காட்டுக்குத் தூக்கிப் போய்விட்டான். தை பிறப்பதற்குள் குடியை விட்டால் குழந்தை உனக்கு, இல்லையென்றால் எங்கள் வீட்டுப் பெண்ணாகவே வளரும் என்றான். குடிக்காதீர்கள் என்பதுதான் குழலி கடைசியாகச் சொன்ன சொல், அவள்மேல் ஆணை, விட்டுவிடுவேன் என்றான் பூவராகவன். பரசுராமன் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டான். ஆணை நாலு நாள் தாங்கியது.

டிஞ்சர் விற்கும் தணிகாசலத்துக்கே பொறுக்கவில்லை. குடியை விட்டவர்கள் சிலர் ஞாயிறுதோறும் பழவேற்காட்டில் கூடுகிறார்களாம், கருவாட்டு வியாபாரி நூர் அகமது பாயைக் கேளுங்கள் என்று அவன்தான் சொல்லி அனுப்பினான்.

ரயிலிலிருந்து பஸ் மாறிப் பழவேற்காட்டில் இறங்கியபோது ஏரியும் வானமும் ஒரே வெள்ளையாக இருந்தன. படித்த மனுஷன், யார் காதிலும் விழக்கூடாதென்று, டீக்கடைக்காரனிடம் குனிந்து, பாய் பெயரைக்கூடச் சொல்லாமல், ஞாயிற்றுக்கிழமை கூடுகிற இடம் எது என்று கிசுகிசுத்தான். அங்கேதான் தப்பு. அந்தக் காலத்தில் கிசுகிசுத்துக் கேட்கிற இடம் ஒன்றே ஒன்றுதான். கடைக்காரன் கண்ணைச் சிமிட்டி, ஏரிக்கரையோரம் ஒரு குடிசையைக் காட்டினான்.

உள்ளே சின்னப்பொண்ணு என்று ஒருத்தி, கேள்வியே கேட்காமல் கண்ணாடித் தம்ளரில் சாராயத்தை நிரப்பி அவன் கையில் கொடுத்தாள். கை வாங்கிக்கொண்டது. வாய் மட்டும், இதில்லை, விட்டவர்களைத் தேடி வந்தேன் என்றது.

அவள் இடுப்பில் கை வைத்து அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"அந்தப் பாவிங்களா? என் வயித்துல அடிச்சவனுங்க. அத்தினி பேரும் என் கிராக்கி. அதோ பாரு, படகு கெளம்புது. போறதுன்னா ஓடு. இல்லாட்டி குடிச்சிட்டுக் காசைக் குடு."

வாசல் சதுரத்தில் படகு மெல்ல நகர்ந்தது. தம்ளர் மூக்குக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. இரண்டையும் மாறி மாறிப் பார்த்தான். தம்ளரை எங்கே வைத்தான் என்பது அவனுக்கு நினைவில்லை. முழங்கால் வரை தண்ணீரில் நின்று, இருங்க, இருங்க என்று கத்திக்கொண்டிருந்தது நினைவிருக்கிறது.

நாலு பேர் அவனைத் தூக்கிப் போட்டுக்கொண்டார்கள். பழைய குடிகாரர்கள் கரையில் சேர்ந்து உட்கார்ந்தால் போலீஸ் வருகிறது. ஏரி நடுவில் போலீசும் இல்லை, சின்னப்பொண்ணும் இல்லை. உச்சிக்கு முன்னால் படகு கரை திரும்பாது. புதிதாக வந்தவன் மூங்கில் கழி ஊன்ற வேண்டும். தன் கதையைச் சொன்னதும் வேறொருவர் கழியை வாங்கிக்கொள்வார். மற்றபடி சட்டம் எதுவுமில்லை என்றார் நூர் அகமது.

பூவராகவன் ஊன்றியபடி சொன்னான். பரசுராமனிடம் சொன்னதையே சொன்னான். யாரும் கழிக்குக் கை நீட்டவில்லை.

உப்பளத்தில் வேலை செய்யும் கலியன் தலையைச் சொறிந்தான். "அந்தம்மா இருக்கசொல்லவே நல்லா ஊத்திக்கினு இருந்தியா வாத்யாரே?"

"இல்ல. அவ இருந்தவரைக்கும் தொட்டதே இல்ல."

"குடிக்காதவனப் பாத்துக் குடிக்காதன்னாங்களா? இன்னா பாய், அந்தம்மா ஜோசியமா?"

இரண்டு பேர் சிரித்தார்கள். நூர் அகமது சிரிக்கவில்லை. "ஊன்னு வாத்யாரே. மணி பத்துதான் ஆவுது."

ஊன்றினான். கழி சேற்றில் இறங்கி ஓசையில்லாமல் மேலே வந்தது. கரை கரைந்து போயிற்று. தூரத்தில் இளஞ்சிவப்பாக ஒரு கோடு தெரிந்தது, பூநாரைகளாக இருக்கலாம். படகு நகர்கிறதா, ஏரிதான் பின்னால் போகிறதா என்று தெரியவில்லை. தண்ணீரில் வானம், அதில் நாலு பேர் தலைகீழாக உட்கார்ந்திருந்தார்கள். ஒருவன் மட்டும் நின்றான். இங்கே குதித்தாலும் இடுப்பளவுதான் இருக்கும் என்று அவனுக்குத் தோன்றியது.

வெகுநேரம் கழித்து, தண்ணீரைப் பார்த்தபடி, யாரும் கேட்காமலே ஆரம்பித்தான். டைபாய்டு. பதினொரு நாள் அவள் பக்கத்தில் கண் மூடாமல் உட்கார்ந்திருந்தான். பதினோராம் நாள் இரவு சுரம் இறங்கியிருந்தது. அவள் பேச்சைக் கேட்டான். கேட்டுவிட்டு நன்றாகத் தூங்கினான். விடிந்தபின் பக்கத்து வீட்டு அம்மாள் வந்துதான் எழுப்பினாள். அதற்குள் குழலியின் உடம்பு சில்லிட்டிருந்தது. அதிலிருந்து படுத்தால் கண் மூடுவதில்லை. மூடுவதற்கு டிஞ்சர் வேண்டியிருந்தது. குடிக்காதீர்கள் என்று அவள் சொல்லவில்லை. அது பரசுராமனுக்காக இவனே கட்டிச் சொன்னது. அவனிடம் இனி வேறு மாதிரிதான் சொல்ல வேண்டும். அவன் குழந்தையைத் தரலாம், தராமலும் போகலாம்.

கழியின் மறுமுனையைக் கலியன் பிடித்துக்கொண்டான். அவன் குரல் இறங்கியிருந்தது.

"இன்னாதான் சொன்னாங்க வாத்யாரே?"

பூவராகவன் கழியை விட்டான். உட்கார்ந்தான். அவள் சொன்ன மாதிரியே சொன்னான்.

"எனக்கு இப்ப தேவலாம். நீங்க போய்ப் படுங்க."