திறப்பு பெட்டிக்குள்ளே

1

"திறப்பு பெட்டிக்குள்ள கிடக்கு. பெட்டி பூட்டிக் கிடக்கு. என்ன செய்வீர் பிள்ளை?"

2006இல் சுகிர்தன் சேர் என்னிடம் இப்படிக் கேட்டார். அவர் பேச்சில் திறப்பு என்றால் சாவி. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, தலவாக்கலைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்துக் கணினி நிலையத்தைப் பொறுப்பெடுத்தவர். நான் அங்கே கூட்டிப் பெருக்குபவள். விளக்குமாற்றைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அன்று சொல்லாத பதிலைத்தான் இப்போது கதையாக எழுதப் பார்க்கிறேன்.

2

முதல் தொடக்கம்: "மலைகளைப் பனி மூடியிருந்த அந்தக் காலைப் பொழுதில்…"

அடித்துவிட்டேன். எங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் முதலில் பனியைத்தான் இறக்குகிறார்கள். பனிக்குள் யார் நிற்கிறார்கள் என்று பார்ப்பதற்குள் கதை முடிந்துவிடுகிறது.

இரண்டாம் தொடக்கம்: "நாகலெட்சுமிக்குக் கணினி என்றால் உயிர்…"

இதுவும் பொய். அங்கிருந்த சுழலும் நாற்காலிதான் அவளுக்குப் பிடித்திருந்தது. (நாகலெட்சுமி நான் இல்லை. இந்த வரியை இருமுறை அடித்து, மூன்றாம் முறை எழுதியிருக்கிறேன்.)

3

சேர், பைத்தன் என்ற கணினி மொழியில், மாணவர்களைப் பதியும் செயலி ஒன்றை எழுதியிருந்தார். அது ஓட வேறு சில பொதிகள், அதாவது மற்றவர்கள் எழுதி வைத்த துணைச் செயலிகள், தேவை. பொதிகளைக் கணினியில் ஏற்ற ஒரு நிறுவி தேவை. எல்லாம் ஒரு சீடியில் இருந்தன. ஆனால் நிறுவியும் அதில் ஒரு பொதியாகத்தான் இருந்தது. அதை ஏற்றவும் நிறுவி வேண்டும்.

[சிரிக்காதீர்கள். நாகலெட்சுமிக்குப் பிறப்புச் சான்றிதழ் இல்லை. அதை வாங்கப் போன அரசாங்கக் கந்தோரில் அடையாள அட்டை கேட்டார்கள். அட்டை வாங்கப் போனால் பிறப்புச் சான்றிதழ் கேட்டார்கள். அட்டை இல்லாமல் பதினோராம் வகுப்பு ஓ.எல். பரீட்சை எழுத முடியாமல் பள்ளிக்கூடத்தை விட்டவள் அவள்.]

சனிக்கிழமை, நிலையத்துக்கு உதவிய ஆட்கள் கொழும்பிலிருந்து வருகிறார்கள். அவர்கள் முன்னால் முதல் மாணவியைப் பதிந்து காட்ட வேண்டும். இல்லாவிட்டால் கணினிகள் வேறு தோட்டத்துக்குப் போய்விடும். அந்த முதல் பெயர் நாகலெட்சுமியுடையது என்று சேர் வாக்குக் கொடுத்திருந்தார். படித்து முடித்தால் சான்றிதழ் கிடைக்கும். அதைக் காட்டி டவுனில் வேலை கேட்கலாம்.

4

"ஒரு சின்னத் தொடக்கி வேணும்," என்றார் சேர். "முதல் வாறதை ஆரும் கேள்வி கேக்கக்கூடாது. அது உள்ள வந்திட்டுதெண்டா மற்றதெல்லாத்தையும் அதுவே கூட்டிக்கொண்டு வரும்."

தொடக்கி இன்டர்நெட்டில் இருந்தது. இன்டர்நெட் ஹட்டன் டவுனில் ஒரு கடையில் இருந்தது. வெள்ளிக்கிழமை, தோட்டத்துச் சங்கத் தலைவர் அழகுமுத்து பென் டிரைவோடு பஸ் ஏறினார். பின்னேரம் ஒரு கட்டுக் காகிதத்தோடு வந்து இறங்கினார்.

"என்ன தலைவர் இது?"

"பிரிண்டு எடுத்தாந்துட்டேன் சேர். பக்கத்துக்குப் பக்கம் சீலு. கையெழுத்து மட்டும் போட மாட்டேன்னுட்டான் கடைக்காரன்."

"பென் டிரைவிலை போட்டுக்கொண்டு வாங்கோ எண்டெல்லோ சொன்னனான்!"

"அதுல எங்கங்க சீல் குத்துறது? சீல் இல்லாம எந்தக் கந்தோர்ல நம்மள மதிச்சிருக்காங்க?"

சேர் காகிதக் கட்டைக் கையில் வாங்கிக்கொண்டார். (தலைவரைக் கோமாளியாக்கத்தான் இந்தக் காட்சியை எழுதத் தொடங்கினேன். அவர் சரியாகப் பேசிவிட்டார். என்ன செய்வது?)

5

திரும்பப் போக பஸ் இல்லை. நாகலெட்சுமி காகிதத்தைப் பார்த்து, எழுத்து எழுத்தாக, இடைவெளிகளையும் விடாமல் அடித்தாள். ஓடவில்லை. சேர் குனிந்து பார்த்தார். வரிகளுக்கு நடுவே கடையின் பெயர், வீதி, தொலைபேசி இலக்கம் எல்லாம் இருந்தன.

"இதையேன் அடிச்சீர்?"

"சீலுங்க சேர். அத விட்டா செல்லுமா?"

சேர் சிரித்துக்கொண்டே சீல்களை நீக்கினார். ஓடியது. தொடக்கி நிறுவியை ஏற்றியது. நிறுவி மற்றப் பொதிகளை ஏற்றியது. தலைவர் கைதட்டினார்.

"யாரு நீ, எங்கேருந்து வர்றேன்னு ஒரு வார்த்த கேக்கலயே சேர்! மெஷினுக்கு எம்புட்டுப் பெரிய மனசு!"

6

சனிக்கிழமை. கொழும்புக்காரர்கள் கெமராவோடு சுற்றி நின்றார்கள். நாகலெட்சுமி பெயரை அடித்தாள். தகப்பன் பெயரை அடித்தாள். லயத்து வீட்டு இலக்கத்தை அடித்தாள். அடுத்த கட்டம்: அடையாள அட்டை இலக்கம்.

அதை வெறுமையாக விட்டு அழுத்தினாள். சிவப்பில் வந்தது: "இது கட்டாயம்."

மறுபடி அழுத்தினாள். அதே சிவப்பு. அந்த வரியை எழுதியவர் சேர்தான்.

இனி முடிவு. மூன்று வைத்திருக்கிறேன்.

அ) சேர் அந்த வரியை அழிக்கிறார். முந்திய நாள் அத்தனை சீல்களை அழித்த விரல்தானே.

ஆ) சேர் தன் இலக்கத்தையே போடுகிறார். கொழும்புக் கணக்கில் நாகலெட்சுமி யாழ்ப்பாணத்து ஆம்பிளை ஆகிறாள்.

இ) தலைவர் கணினித் திரையில் சீல் குத்துகிறார்.

பிடித்ததை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றையும் நானே எழுதியதால் எனக்கு ஒன்றிலும் நம்பிக்கை இல்லை. எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: சேர் திரையைப் பார்த்தார், கெமராவைப் பார்த்தார், பிறகு தலைவர் பக்கம் திரும்பி மெதுவாகச் சொன்னார்.

"அட்டை உள்ள ஒரு பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வாங்கோ."

சுழலும் நாற்காலியை மேசைக்குள் தள்ளினேன்… தள்ளினாள். வாசலில் கிடந்த செருப்பை மாட்டிக்கொண்டாள். படியிறங்கிப் போனாள்.