ஏறிக்கொண்டே போன எண்

மூன்று நாட்களாக மதியம் இரண்டு மணி ஆனால் போதும், நீர்மட்டம் கவனிக்கும் வெனிங்கின் கணினி அப்படியே உறைந்து நின்றது. கிழக்கு ஜாவாவின் அந்தச் சிற்றூர் வெள்ள எச்சரிக்கை அலுவலகத்தில், ஆற்றோரக் கருவிகள் அனுப்பும் நீர்மட்டத்தைக் காட்ட இருந்தது அந்த ஒரே கணினிதான். மேற்கே மலையில் விடியலிலிருந்து மழை.

அதில் ஓடும் ஆற்று வரைபட மென்பொருளைச் செய்து கொடுத்த ஹர்யோ பன்னிரண்டு மணிக்கு வந்தார். வந்ததும் ஒரே போடாகப் போட்டார்.

"மெஷின் கிழடாயிடுச்சும்மா. புதுசு வாங்கச் சொல்லுங்க. அதுவரைக்கும் ஆஃப் பண்ணி ஆன் பண்ணிக்கலாம்."

"ஆத்தையும் அதுவரைக்கும் ஆஃப் பண்ணி வச்சிருவீங்களா, பாக்?" என்று மரியாதை குறையாமலே கேட்டாள் வெனிங்.

எல்லோரும் 'அம்மா' என்ற பொருளில் இபு என்றழைக்கும் அலுவலகத் தலைவி சுலஸ்த்ரி சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

வெனிங் வெறுங்கையோடு நிற்கவில்லை. காலை எட்டு மணிக்குக் கணினியைப் போட்டதுமே டாஸ்க் மேனேஜரைத் திறந்து, எந்த மென்பொருள் எவ்வளவு நினைவகத்தைப் பிடித்திருக்கிறது என்று அரை மணிக்கு ஒரு தடவை தாளில் குறித்திருந்தாள். மற்றவை எல்லாம் இருந்த இடத்திலேயே இருந்தன. ஆற்று வரைபடம் மட்டும் முந்நூறு எம்பியில் தொடங்கி நாலாயிரத்தைத் தாண்டியிருந்தது.

"அந்த எண்ணெல்லாம் ஏறும், இறங்கும். அதப் போயி..." என்று இழுத்தார் ஹர்யோ.

தாளை அவர் முன்னால் நகர்த்தினாள். "ஏறினது இருக்கு. எறங்கின எடத்தக் காட்டுங்க."

அவர் விரல் வரிவரியாக இறங்கியது, எங்கும் நிற்கவில்லை.

"அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை புது அளவு வருது. உடனே எம்பது எம்பி கூடுது. பழைய படத்தைத் தூக்கிப் போடாம உங்க மென்பொருள் சேத்து வச்சிக்கிட்டே இருக்கு. எட்டாயிரம்தான் மொத்தமே. ரெண்டு மணிக்கு மூச்சு முட்டாம என்ன செய்யும்? இப்ப பாருங்க, இபு."

வரைபடத்தை மட்டும் மூடினாள். திரையில் மேலே ஓடிய நினைவகக் கோடு சடக்கென்று பாதிக்குக் கீழே விழுந்தது. கருவிகளின் அளவுகளைக் காட்டும் நீர்மட்டப் பட்டியல் தனியே எப்போதும் போல ஓடிக்கொண்டிருந்தது.

ஹர்யோ காதைச் சொறிந்தார். "என் தப்புதான். உக்காந்து சரி பண்ணிடறேன்."

"மெதுவா பண்ணுங்க. இன்னைக்குப் பட்டியலே போதும்," என்றாள் வெனிங்.

இரண்டு மணி தாண்டியது. கணினி நிற்கவில்லை. மூன்று மணி பத்துக்கு, ஆற்றின் மேல்போக்கில் இருந்த கருவி ஐந்தே நிமிடத்தில் நாற்பது சென்டிமீட்டர் உயர்வைக் காட்டியது.

"இபு, அபாயச் சங்கை அடிக்கட்டுமா?"

"கேட்டுக்கிட்டு நிக்காத. அடி!"

வெனிங் சங்கின் பொத்தானை அழுத்தினாள். ஆறு மணிக்குக் கரையோரத் தெருக்களில் இடுப்பளவு தண்ணீர் ஓடியது. தெருக்காரர்கள் அத்தனை பேரும் பள்ளிக்கூட மாடியில், ஆடு கோழிகளோடு உட்கார்ந்து சோற்றுப் பொட்டலம் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.