பொம்பா லோரி

தொலைவில் ட்ருகனினா என்ற ஊரில் பழைய விளையாட்டுப் பொருள்கள் விற்கும் ஒருவர் அனுப்பிய தகரத் தீயணைப்பு வண்டி, கிறிஸ்துமஸுக்கு ஐந்து நாள் இருக்கையில் மெரிலேண்ட்ஸில் மார்கரெட்டின் வாசலுக்கு வந்து சேர்ந்தது. அவளுடைய தம்பி தனபாலன் பக்கத்து ஊரான பிளாக்டவுனில் மருத்துவமனைப் படுக்கையில் கிடந்தான். மருத்துவர்கள் கைவிரித்துவிட்டார்கள். காய்ச்சலும் மருந்தும் கலந்த மயக்கத்தில் அவன் எழுபது வயதை உதறிவிட்டு, மலாயாவில் சிறுவயதில் வாழ்ந்த ஈப்போவின் இரயில்வே குடியிருப்புக்கே திரும்பிப் போயிருந்தான். கண் திறக்கும்போதெல்லாம் ஒரே கேள்விதான்.

“அக்கா, பொம்பா லோரி வந்திருச்சா?”

மலாயாப் பிள்ளைகளுக்குத் தீயணைப்பு வண்டி என்றால் பொம்பா லோரி. அந்நாளில் ஆண்டுதோறும் மழைக்காலத்தில் சிங்கப்பூர்க் கடையொன்றின் கிறிஸ்துமஸ் கேட்டலாக் தபாலில் வரும். அக்காவும் தம்பியும் குப்புறப் படுத்துக்கொண்டு, பக்கம் பக்கமாக அதைக் கண்ணால் தின்பார்கள். ஒருவருக்கு ஒரு பொருள். அப்பாதான் எழுதிப் போடுவார். ஒரு வருடம் தனபாலன் கேட்ட சிவப்பு வண்டி தீர்ந்துவிட்டதென்று சொல்லி, கடைக்காரன் ஒரு சதுரங்கப் பலகையை அனுப்பிவைத்தான். அடுத்த வருடக் கேட்டலாக்கில் அந்த வண்டியே இல்லை. பிறகு அவன் அதைப் பற்றிப் பேசியதில்லை. பேசாமலே இத்தனை காலம் நெஞ்சில் வைத்திருந்தான் என்பது இப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. தெரிந்ததும் அதே வண்டியைத் தேடிப் பிடித்து வரவழைத்தாள்.

வண்டியை அப்படியே எடுத்துக்கொண்டு ஓடியிருக்கலாம். ஆனால் எதையும் அரைகுறையாகச் செய்வது மார்கரெட்டின் வழக்கமன்று. பிளாஸ்டிக் உறையைக் கழற்றி எறிந்தாள். பழுப்புத் தாளும் சணல் கயிறும் வாங்கிவந்தாள். மூலைகளைக் கூராக மடித்து, அக்காலப் பார்சல்களைப் போலவே குறுக்கும் நெடுக்குமாகக் கட்டி, முடிச்சின்மேல் மெழுகை உருக்கி ஊற்றினாள்.

நண்பகலில் அதை அவன் மார்பின்மேல் வைத்தாள். தனபாலன் இரு கைகளாலும் தூக்கி, காதோரம் ஆட்டினான். உள்ளே ஒரு மணி கிணுகிணுத்தது.

“மணி இருக்கு அக்கா! பொம்பா லோரியேதான்!”

“பிரிச்சுப் பாருடா.”

அவன் கை சட்டென்று பின்வாங்கியது. “இன்னிக்கு என்ன கிறிஸ்மஸா?”

அப்போதுதான் மார்கரெட்டுக்கு நினைவு வந்தது. ஆட்டிப் பார்க்கலாம், உள்ளே என்னவென்று ஊகிக்கலாம்; கிறிஸ்துமஸ் காலைப் பூசை முடிந்து வரும்வரை கயிற்றைத் தொடக் கூடாது. இது அப்பாவின் சட்டம். வண்டியோடு அந்தச் சட்டத்தையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள் அவள்.

“ஆமாடா, இன்னிக்குத்தான் கிறிஸ்மஸ்.” பொய் சொல்லிப் பழகாத நாக்கு தடுமாறியது.

“பூசைக்கே போகலையே. புதுச் சட்டையும் போடல. நான் கயித்தத் தொட்டா, நீதான் மொத ஆளா அப்பாகிட்ட போட்டுக் கொடுப்ப.”

“மாட்டேன்டா. சத்தியமா மாட்டேன்.”

“போன வருசமும் இப்படித்தான் சொன்ன.”

தாதி தர்ஷனா வந்து அவன் நாடியைப் பார்த்தாள். பிறகு மார்கரெட்டை வாசலுக்கு அழைத்தாள்.

“அன்ரி, மூச்சு மாறிட்டுது. ஆராவது வர வேணுமெண்டா இப்பவே சொல்லிவிடுங்கோ.”

“இன்னும் அஞ்சு நாள் தாங்க மாட்டானா?”

“இண்டைக்குப் பின்னேரம் தாண்டுறதே கஷ்டம், அன்ரி.”

மார்கரெட் ஓடிவந்தாள். கெஞ்சினாள். மிரட்டினாள். அப்பாவே அனுமதி கொடுத்துவிட்டார் என்றுகூடச் சொல்லிப் பார்த்தாள். அவன் பார்சலை இறுக அணைத்துக்கொண்டு கண்ணை மூடிவிட்டான். மூச்சு நின்றது, வெகுநேரம் கழித்து மீண்டும் வந்தது. மறுபடி நின்றது.

அவள் பார்சலை அவன் அணைப்பிலிருந்து உருவினாள். முடிச்சு அசையவில்லை. அவளே போட்ட முடிச்சு. அவளே ஊற்றிய மெழுகு. நகம் ஒடிந்தது. பல்லால் கடித்து இழுத்தாள். கயிறு ஈறைக் கிழித்தது.

“கத்தரிக்கோல் தரட்டோ, அன்ரி?”

அப்பா பார்சல் கயிற்றை வெட்ட விட்டதேயில்லை; அவிழ்த்துச் சுருட்டி வைக்க வேண்டும்.

“குடும்மா, சீக்கிரம் குடு!”

கயிறு அறுந்தது. பிறந்தது முதல் ஒரு தாளைக்கூட ஒழுங்கின்றிக் கிழித்தறியாத கை, பழுப்புத் தாளை நார்நாராகக் கிழித்தது. சிவப்பு வண்டியை அவன் உள்ளங்கையில் வைத்து, ஆள்காட்டி விரலை மணியின்மேல் வைத்து அழுத்தினாள்.

“பாலா, பாருடா. ஏணிகூட இருக்கு. பாருடா கண்ணு!”

கண் பாதி திறந்தது. சிவப்பைப் பார்த்தது. ஏணியைப் பார்த்தது. உதட்டோரம் ஏதோ மலர்ந்தது. பிறகு பார்வை மெல்லக் கீழிறங்கி, போர்வையெங்கும் சிதறிக் கிடந்த தாளில் நின்றது.

“இரு... அப்பாகிட்ட சொல்றேன்.”

“சொல்லு,” என்றாள் மார்கரெட். “போனதும் மொத வேலையா அதச் சொல்லு.”

விரல் அசைந்தது. மணி ஒருமுறை ஒலித்தது. அடுத்த ஒலிக்காக, வண்டியின்மேல் காதை வைத்தபடி அவள் குனிந்தே இருந்தாள்.