டெல்வாரா டிவி அழுகிய வருடம்

டெல்வாரா கம்பெனியின் கலர் டிவி, கியாரண்டி முடிந்த மறுநாள் அழுகத் தொடங்கும். படத்துக்கு ஒன்றும் ஆகாது. சத்தத்துக்கும் ஒன்றும் ஆகாது. பெட்டி மட்டும் அழுகும். முதலில் காயாத துணியின் நாற்றம் வரும், பிறகு செத்த எலியின் நாற்றம். அதற்கு அப்புறம் வந்ததைச் சொல்ல மயிலாப்பூரில் யாருக்கும் வார்த்தை கிடைக்கவில்லை. பின்பக்கத்துக் காற்றுத் துளைகளில் மஞ்சள் நீர் கசிந்து, ஸ்டாண்டில் விரித்திருந்த பூவேலைத் துணியில் இறங்கிக் காய்ந்தது. ஈ மொய்த்தது. 1996 தீபாவளிக்குப் பிறகு சித்திரக்குளத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் அநேகமாக எல்லா வீடுகளிலும் இது நடந்தது. அதற்கு முந்தைய தீபாவளிக்கு அந்தத் தெருக்களில் எல்லோரும் டெல்வாரா வாங்கியிருந்தார்கள். வாங்கச் சொன்னவர் ராஜகோபாலன்.

ராஜகோபாலன் இன்ஷூரன்ஸ் ஆபீசில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். அவரைக் கேட்காமல் அந்தப் பக்கத்தில் யாரும் மிக்ஸிகூட வாங்கமாட்டார்கள். தி. நகர் உஸ்மான் ரோட்டுக் கடைகளுக்கு அவர் முன்னால் போவார், வாங்குகிறவர்கள் பின்னால் போவார்கள். ஓடிக்கொண்டிருக்கும் டிவியின் முதுகில் உள்ளங்கையை வைத்துச் சூடு எப்படி ஏறுகிறது என்று பார்ப்பார். ஸ்க்ரூக்கள் ஒரே மாதிரி இருக்கின்றனவா என்று குனிந்து பார்ப்பார். கொலாபரேஷன் யாருடன் என்று கேட்பார். ஜப்பான் என்றால் தலையசைப்பார், கொரியா என்றால் உதட்டைப் பிதுக்குவார். கடைசியில் கடைக்காரரைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு பெட்டியை ஒரு சாண் உயரம் தூக்குவார். அதுதான் தீர்ப்பு. கனம் இருந்தால் உள்ளே சரக்கு இருக்கிறது, இல்லாவிட்டால் கம்பெனிக்காரன் திருடுகிறான். பல வருடங்களாக இதைச் சொல்லிவந்தார், பல வருடங்கள் அது சரியாகவும் இருந்தது. எல்லாப் பெட்டிகளையும் தூக்கியவரால் டெல்வாராவைத் தரையிலிருந்து கிளப்ப முடியவில்லை. கடை ஆட்கள் இரண்டு பேர் கை கொடுத்தார்கள். அவர் மூச்சு வாங்கிக்கொண்டு நிமிர்ந்தார். முகத்தில் பக்தி இருந்தது. "இது சரக்கு" என்றார். அந்த வாரமே தெரு முழுவதும் அட்டைப் பெட்டிகள் வந்து இறங்கின. பெட்டிகளுக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தார்கள்.

அவர் வீட்டு மாடியில் ஜாஸ்மின் தன் அம்மா அந்தோணியம்மாளுடன் குடியிருந்தாள். ஜாஸ்மின் அடையாறில் ஒரு நர்சிங் ஹோமில் நர்ஸ். ராஜகோபாலனின் மனைவி ஜலஜாவுக்குப் பித்தப்பையில் ஆபரேஷன் நடந்தபோது கட்டு மாற்றியது அவள்தான். அப்போது அவள் வீடு தேடிக்கொண்டிருந்தாள். பெயரைச் சொல்லும்வரை காலியாக இருந்த வீடுகள் பெயரைச் சொன்னதும் நிரம்பிவிட்டன. "நம்மாத்து மாடி சும்மாத்தானே கிடக்கு" என்று ஜலஜா படுக்கையில் இருந்தபடியே சொன்னாள். ஒரே ஒரு நிபந்தனை, மீனும் கறியும் வீட்டுக்குள் வரக்கூடாது. வரவில்லை. அந்தோணியம்மாள் ஆயுளில் பாதியை மீன் விற்றே கழித்தவள். ஞாயிற்றுக்கிழமை நொச்சிக்குப்பத்தில் தன் தம்பி செபஸ்தியான் வீட்டுக்குப் போய் மீன் சாப்பிட்டுவிட்டு, அங்கேயே தலைக்குக் குளித்துவிட்டுத்தான் மாடிப்படி ஏறுவாள். மூன்று வருடம் இப்படித்தான் போயிற்று.

நாற்றம் வந்ததும் ஜலஜா நேராக மாடிக்குப் போனாள்.

"தப்பா நெனச்சுக்காதீங்கோ. கீழ ஒரே வாசனையா வந்துண்டிருக்கு. நீங்க ஏதாவது…"

"இன்னா மாமி, என் சட்டில என்னிக்காச்சும் கருவாடு பட்டுகீதா? வா, வந்து மோந்து பாரு." அந்தோணியம்மாள் பாத்திரங்களை ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினாள். ரசம் இருந்தது. அவரைக்காய்ப் பொரியல் இருந்தது. "உன் ஊட்டு நாத்தத்த நீ கீழ தேடு."

ஜலஜா கீழே வந்து டிவியின் துணியைச் சரிசெய்யக் குனிந்தாள். விரல்கள் ஈரமாயின. முகர்ந்து பார்த்தாள். பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவினாள், சீயக்காய்ப் பொடி போட்டுக் கழுவினாள், எலுமிச்சம்பழம் தேய்த்துக் கழுவினாள். அன்று சாதத்தைக் கரண்டியால் சாப்பிட்டாள். ஆக, அந்த வீட்டில் எது நாறுகிறது என்று முதல் நாளே எல்லோருக்கும் தெரியும். இதைக் குறித்துவைப்பது அவசியம், ஏனென்றால் பிற்பாடு எல்லோரும் தெரியாது என்றார்கள்.

அடையாறு சர்வீஸ் சென்டரிலிருந்து பாண்டுரங்கன் என்ற மெக்கானிக் வந்து பின்மூடியைக் கழற்றினான். எலெக்ட்ரானிக் பலகைகள் இருக்கவேண்டிய இடத்தில் இருந்தன. மீதி இடம் முழுக்கச் சதை. சாம்பல் நிறம், மேலே கொழுப்பு, ஓரங்களில் பச்சை. ஒயர்கள் அதற்குள் நுழைந்து மறுபக்கம் வெளியே வந்தன. கரண்ட் பாயும்போது மெல்லத் துடித்தது. ராஜகோபாலன் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். பாண்டுரங்கன் ஆச்சரியப்படவில்லை.

"எல்லா டெல்வாராலயும் கீது சார். வெயிட்டுக்குப் போடறான். நீங்கதான் தூக்கிப் பாத்து வாங்கறீங்களே, அதான்."

"என்னது அது?"

"அத்த கேக்காதீங்க. எனக்கும் சொல்லல."

"எடுத்துப் போட்டுடும்."

"எடுத்தா படம் பூடும் சார். லைனு அதுலதான் ஓடுது. கியாரண்டி போன மாசமே முடிஞ்சிபோச்சி. முடியலன்னாகூட, நாத்தத்துக்குக் கியாரண்டி கெடையாது."

ராஜகோபாலன் அதிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு "மூடிடும்" என்றார். பாண்டுரங்கன் மூடிவிட்டு, ஜலஜா கொடுத்த காபியை வாசலில் நின்று குடித்துவிட்டு, அடுத்த வீட்டுக்குப் போனான். அங்கேயும் திறந்தான், மூடினான். அடுத்த நாளும் வந்தான். தெருவில் எந்த வீட்டிலும் யாரும் பெட்டியைத் தூக்கி எறியவில்லை. படம் நன்றாக இருந்தது, கிரிக்கெட் பருவம் வேறு.

எதிர்வீட்டு குருபிரசாத் ஆடிட்டர். ராஜகோபாலன் பேச்சைக் கேட்டுத் தனக்கு ஒன்றும் மாமனாருக்கு ஒன்றுமாக டெல்வாரா வாங்கியிருந்தான். ஒரு நாள் காலையில் வந்து கூடத்தில் உட்கார்ந்தான். மூக்கைச் சுளிக்காமல் இருக்கப் பாடுபட்டான்.

"மாமா, உங்காத்துலயும் அந்த நாத்தம் வரது, இல்லையா? எல்லாரும் உங்களைக் கேக்கச் சொல்றா. டிவியா?"

இந்தக் கேள்விக்கு ஒரு சொல்லில் பதில் இருந்தது. அதைச் சொன்னால் உஸ்மான் ரோட்டில் அவர் பின்னால் நடக்க ஆள் இருக்காது. ராஜகோபாலன் விரலை மேலே காட்டினார். "மாடி" என்றார்.

குருபிரசாத் அவரையே பார்த்தான். பிறகு அவன் முகம் தெளிந்தது. "அதானே பாத்தேன்" என்றான். எழுந்து போகும்போது டிவியைச் சுற்றிக்கொண்டு போனான். அன்று மாலைக்குள் எல்லா வீடுகளுக்கும் ஒரு மாடி கிடைத்துவிட்டது. சிலருக்கு வேலைக்காரி, சிலருக்குக் கார்ப்பரேஷன் சாக்கடை. ஒரு வீட்டில் சமையற்காரியின் கூந்தலை முகர்ந்து பார்த்துவிட்டு நிறுத்தினார்கள். தெருமுனையில் கூடை வைத்து மீன் விற்ற பெண்களைத் துரத்தினார்கள். துரத்திய பிறகும் நாற்றம் இருந்தது. அவர்கள் திரும்பத் தெரு வழியே நடந்துபோனதால்தான் என்றார்கள்.

பொங்கல் முடிந்ததும் ராஜகோபாலன் ஜாஸ்மினைக் கூப்பிட்டு வீட்டைக் காலி பண்ணச் சொன்னார். அவள் டியூட்டியிலிருந்து வந்து செருப்புக்கூடக் கழற்றவில்லை.

"சார், மெக்கானிக் சொன்னது எனக்கும் கேட்டுது. நான் படியிலதான் நின்னேன்."

"அது வேற, இது வேறம்மா."

"எது வேற சார்?"

"தெருவுல பேசறா. நான் என்ன பண்ணட்டும்?"

ஜாஸ்மின் ஜலஜா பக்கம் திரும்பினாள். "மாமி, நீங்க சொல்லுங்க."

ஜலஜா புடவைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டு போய் டிவியைப் போட்டாள். சீரியல் ஓடிக்கொண்டிருந்தது. சத்தத்தைக் கூட்டினாள், இன்னும் கூட்டினாள். பெட்டியின் அடியிலிருந்து ஒரு சொட்டு தரையில் விழுந்தது. மூன்று பேரும் அதைப் பார்த்தார்கள். சீரியலில் ஒரு பெண் அழுதுகொண்டிருந்தாள்.

சாமான் ஏற்றிய மூன்று சக்கர வண்டியின் பின்னால் நடந்துபோகும்போது அந்தோணியம்மாள் வாசலில் நின்றாள். தெருவில் எல்லோரும் வெளியே வந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். "கனமாத்தான் பாத்து வாங்கிகீறே நைனா" என்றாள் ராஜகோபாலனிடம். "மோந்துகினு கெட." மகள் அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். செபஸ்தியான் வீட்டில் ஒரே அறை. அவன் குடும்பத்தோடு இவர்களும் படுத்தார்கள். ஜாஸ்மின் மறுபடி வீடு தேடினாள். இப்போது பெயருக்கு முன்னாலேயே மயிலாப்பூர் கதை போய்ச் சேர்ந்திருந்தது.

மாடிக்கு ஸ்ரீகிருஷ்ணா என்று ஒருவர் மனைவியோடு குடிவந்தார். சுத்த சைவம். பால் காய்ச்சினார்கள். பால் பொங்குவதற்கு முன்பே திரிந்தது. கடையிலிருந்து வேறு பால் வாங்கிவந்து காய்ச்சினார்கள், அதுவும் திரிந்தது. சாயங்காலமே போய்விட்டார்கள். அதற்குப் பிறகு யாரும் வரவில்லை. மாடி காலியானதும் நாற்றத்துக்குச் சொந்தக்காரர் இல்லாமல் போயிற்று. குருபிரசாத் ஒரு நாள் வாசலிலேயே நின்று, "மாடி காலியாத்தானே மாமா இருக்கு?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் போனான். தெருவில் மற்றவர்களுக்கும் இதே கஷ்டம். துரத்த வேண்டியவர்களையெல்லாம் துரத்தியாகிவிட்டது. 1998-இல் முதல் பலகை தொங்கியது. வீடு வாடகைக்கு, அசைவம் சாப்பிடுபவர்களுக்கு மட்டும். கொஞ்ச நாளில் அந்தத் தெருக்களில் வேறு மாதிரிப் பலகையே இல்லை. மேளம் ஒலிக்க அறுபத்துமூவர் போன தெருவில், மீன்காரிகளை வாசலில் நிறுத்தி, தெரிந்த குடும்பம் இருந்தால் சொல்லும்படி கெஞ்சினார்கள்.

ராஜகோபாலன் நொச்சிக்குப்பத்துக்குப் போனார். மூக்கில் கைக்குட்டையோடுதான் பஸ்ஸிலிருந்து இறங்கினார். ரோட்டோரம் மீன் கொட்டிக் கிடந்தது. சிறிது தூரம் நடந்ததும் கைக்குட்டையை எடுத்துவிட்டார். உப்புக் காற்று. ஒன்றரை வருடத்துக்குப் பிறகு அவர் முழு மூச்சு விட்டார், நின்று இன்னொரு முறை விட்டார். ஜாஸ்மின் வெளியே வந்தாள். அவர் பின்னால் அந்தோணியம்மாள் ஒரு ஸ்டூலைப் போட்டாள். அவர் உட்காரவில்லை.

"மாடி அப்படியேதான் இருக்கும்மா. அட்வான்ஸ் ஒண்ணும் வேண்டாம். வாடகை பாதி குடு போறும். நீங்க மீன் சமைக்கலாம்." கொஞ்சம் நிறுத்தினார். "தினம் சமைக்கணும்."

"பாத்தியா, நம்மள உள்ள உட்டு நாறச் சொல்றாரு" என்றாள் அந்தோணியம்மாள் மகளிடம். "இதுக்கு சம்பளம் இன்னான்னு கேளு."

ஜாஸ்மின் சிரிக்கவில்லை. அந்த ஒற்றை அறையைத் திரும்பிப் பார்த்தாள். செபஸ்தியானின் மனைவி பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

"வரேன் சார். அதே வாடகையே தரேன். தெருவுல எல்லாரையும் கூப்பிட்டு வெச்சு, நாறினது டிவின்னு நீங்க சொல்லுங்க. நாங்க இல்லன்னு சொல்லுங்க. அன்னிக்கே வரேன்."

ராஜகோபாலன் கடலைப் பார்த்தார். படகு ஒன்று கரையேறிக்கொண்டிருந்தது. அவர் அதை முழுவதும் பார்த்தார். பிறகு, "பஸ் போயிடும்" என்றார்.

அவர் சொல்லவில்லை. அந்தத் தீபாவளிக்கு உஸ்மான் ரோட்டில் எக்ஸ்சேஞ்ச் போட்டார்கள். பழைய டெல்வாராவைக் கொடுத்துவிட்டுப் பெரிய டெல்வாரா வாங்கினார். அதைத் தூக்க நான்கு பேர் வேண்டியிருந்தது. தெரு முழுவதும் மாற்றிக்கொண்டது. மயிலாப்பூரில் அதை நாற்றம் என்று இப்போது யாரும் சொல்வதில்லை. வெளியூரிலிருந்து வருகிறவர்கள் மூக்கைப் பொத்தினால் அவர்களுக்குத்தான் சைனஸ் என்கிறார்கள். ஜலஜா கரண்டியால் சாப்பிடுவதற்குப் பழகிவிட்டாள்.

ஜாஸ்மின் பலகை தொங்கிய வீடுகளையெல்லாம் போய்ப் பார்த்தாள். இப்போது எல்லோரும் அவளை வாங்கம்மா என்றார்கள். பெயரைக் கேட்டுச் சந்தோஷப்பட்டார்கள். தினமும் மீன் உண்டா, கருவாடு உண்டா என்று விசாரித்தார்கள். எல்லா வீடுகளிலும் அவள் ஒரே கேள்வி கேட்டாள். இங்கே இப்போது என்ன நாறுகிறது? எங்கே, ஒன்றும் இல்லையே என்றார்கள். அவள் திரும்பி வந்தாள். 1999-இல் அசோக் நகரில் ஒரு வீட்டுக்குப் போனபோது வீட்டுக்காரி அமீனா பீ வாசல் கதவைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு பேசினாள்.

"உள்ள வர்றதுக்கு மின்ன ஒண்ணு சொல்லிடறேன். எங்க ஊட்டு டிவி நாறுது. எங்க ஊட்லயும் கறி வேவுது. இது அது இல்ல."

"டெல்வாராவா?"

"ஆமா. தூக்கிப் பாத்து வாங்கனோம். எங்க தப்பு. இஷ்டம் இருந்தா இருங்க, இல்லன்னா கோச்சுக்க மாட்டேன்."

அந்த வாரமே தாயும் மகளும் அந்த வீட்டின் ஒரு பகுதியில் குடிபோனார்கள். அமீனா பீ டிவியைப் பால்கனியில் வைத்து, தார்ப்பாய் கட்டி, திரையை வீட்டுப் பக்கம் திருப்பியிருந்தாள். கண்ணாடி ஜன்னலைச் சாத்திவிட்டு இரண்டு குடும்பங்களும் கூடத்தில் உட்கார்ந்து பார்த்தார்கள். சத்தம் கேட்காது. அதனால் செய்தி வாசிப்பவர் என்ன சொல்கிறார் என்று அந்தோணியம்மாள் தன் இஷ்டத்துக்குச் சொல்லிக்கொண்டிருப்பாள், அமீனா பீ அதை மறுப்பாள். காக்கைகள் வந்து பெட்டியைக் கொத்தத் தொடங்கினால், டியூட்டி இல்லாத நாட்களில் ஜாஸ்மின் எழுந்துபோய்த் துரத்துவாள். மற்ற நாட்களில் அமீனா பீ துரத்துவாள்.