மாமா கொண்டாந்த பச்சை

டொக்டர் புத்தகத்தின் அடுத்த பக்கத்தைத் திருப்பினார். வட்டம் நிறையக் கலர் கலராகப் புள்ளிகள். நடுவில் எழுபத்தி நாலு என்று இருந்தது, கதவோரம் உட்கார்ந்திருந்த எனக்கே பளிச்சென்று தெரிந்தது. தம்பி தர்ஷன் குனிந்தான், நிமிர்ந்தான், கண்ணைச் சுருக்கிக்கொண்டு மறுபடி குனிந்தான். "இதுல நம்பர் ஒண்ணும் இல்லையே" என்றான் சிங்களத்தில். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தேயிலைத் தோட்டத்திலிருந்து கொழும்பு வரைக்கும் வந்து, கப்பல் என்ஜின் வேலைக்கு மெடிக்கல் எடுக்கிற இடத்திலா விளையாட்டு? எழுந்து போய் முதுகில் ஒரு குத்து விட்டு, "ஒழுங்கா பாருடா" என்றேன். அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். முகம் வெளுத்துப் போயிருந்தது.

கப்பல் என்றால் அவனுக்குக் கிறுக்கு. லிந்துலைப் பக்கம் மலைக்குள் பிறந்தவனுக்குக் கடலோடு என்ன சொந்தம் என்று லயத்து வீடுகளில் கேட்காத ஆள் இல்லை. அப்பாவுக்குத் தேயிலை பெக்டரி என்ஜின் ரூமில் வேலை. சோறு கொண்டு போனவன் அங்கேயே நின்றுவிடுவான், அவனைத் தேடி நான் போக வேண்டும். அப்புறம் பள்ளிக்கூட ட்ரிப்பில் கொழும்புத் துறைமுகத்தைப் பார்த்துவிட்டு வந்தான். "அவ்வளவு இரும்பு எப்பிடிக்கா மிதக்குது?" என்று கேட்டுக் கேட்டே என் உயிரை வாங்கினான். தகரத்தை வெட்டி, ஒட்டி, பீலித் தொட்டியில் மிதக்கவிட்டு, தண்ணிக்கு நிற்கிற பொம்பளைகளிடம் திட்டு வாங்குவான். முதலில் கப்பலில் என்ஜினியராகச் சில வருஷம், பிறகு கப்பல் வடிவமைக்கிற படிப்பு, கடைசியில் தான் வரைந்த கப்பல் கடலில் இறங்கும்போது அதன் என்ஜின் ரூமில் தானே நிற்க வேண்டும். இதுதான் அவன் ஆசை. ஏ.எல். பரீட்சை முடித்து, இன்டர்வியூவிலும் தேறிவிட்டான். மிச்சம் இருந்தது இந்த மெடிக்கல் மட்டும்தான்.

டொக்டர் நல்ல மனுஷி. பக்கம் பக்கமாகத் திருப்பிப் பார்க்கச் சொன்னார். பிறகு புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, "மகன், உங்க கண்ணுக்குச் சிவப்பும் பச்சையும் பிரிஞ்சு தெரியல" என்றார். என்ஜின் ரூமில் லைட்டின் நிறத்தைப் பார்த்துத்தான் ஆபத்து தெரியுமாம். எண்ணெய்க் குழாய்க்கு ஒரு கலர், தண்ணிக் குழாய்க்கு வேறு கலராம். மாறிப் போனால் ஆட்கள் சாவார்களாம். மருந்து இல்லையா, கண்ணாடி போட்டால் சரிவராதா என்று நான் கெஞ்சினேன். பிறவியிலேயே வருகிறது, பெரும்பாலும் அம்மா வழியாக ஆம்பளைப் பிள்ளைகளுக்கு வரும் என்றார். "அம்மாவோட அண்ணன் தம்பி யாருக்காவது இப்பிடி இருக்கா?" என்று கேட்டார். "எங்க குடும்பத்துல எல்லாருக்கும் நல்ல கண்ணு" என்றேன். எனக்கு ரோஷம் வேறு.

ஹட்டன் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தோம். எனக்கு ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. சின்ன வகுப்பில் தேயிலைச் செடிக்கு மண் கலர் அடித்து டீச்சரிடம் அடி வாங்கியது. வீட்டுத் தோட்டத்தில் தக்காளி பறிக்கச் சொன்னால் காயும் பழமுமாகப் பறித்துக்கொண்டு வந்து அம்மாவிடம் ஏச்சு வாங்குவது. அவசரக்குடுக்கை, அவசரக்குடுக்கை என்று அவனுக்குப் பேரே வைத்திருந்தோம். பஸ் மலை ஏறத் தொடங்கிய பிறகுதான் பேசினான்.

"வரையலாம்னு டொக்டர் சொன்னாங்கக்கா. கப்பலை வரையலாமாம். ஏறத்தான் முடியாதாம்."

"அதாவது இருக்கே தம்பி."

"என்ஜின் சத்தம் கேட்காம என்னத்தை வரையுறது?" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

அவன் அழுதுவிடக் கூடாது என்று ஏதாவது பேச நினைத்தேன். வாய் சும்மா இருக்குமா? முன் சீட்டில் இருந்த பெண்ணைக் காட்டி, "அந்தச் சேலை என்ன கலரு?" என்று கேட்டேன். செங்கல் கலர் சேலை. அவன் எட்டிப் பார்த்து, "பச்சை" என்றான். இதே பதிலை நான் இதற்கு முன்னால் கேட்டிருக்கிறேன்.

அது நான் பெரிய மனுஷியான சமயம். வீரய்யா மாமா அம்மாவுக்கு ஒரே அண்ணன், உடப்புசல்லாவைப் பக்கம் ஒரு தோட்டத்தில் தனி ஆளாக இருந்தவர். சடங்குக்குத் தாய்மாமன் சேலையைத்தான் முதலில் உடுத்த வேண்டும். பச்சைப் பட்டு கொண்டு வா என்று அம்மா சொல்லி அனுப்பியிருந்தாள். மாமா தாம்பாளத்தைத் தலையில் வைத்து, மேளத்தோடு லயத்துக்குள் வந்தார். துணியை விலக்கினால் காவிச் சேலை. கூட்டத்தில் யாரோ, "பிள்ளைய சாமியாராக்கப் போறாரு போல" என்றார்கள். எல்லாரும் சிரித்தார்கள். "என்னண்ணே இது?" என்றாள் அம்மா. "பச்சை கேட்ட, பச்சைதானே கொண்டாந்திருக்கேன்" என்றார் மாமா. "குடிச்சிட்டு வந்து என் பிள்ளைய சபையில அசிங்கப்படுத்துறியா?" என்று அம்மா கத்தினாள். இன்றைக்கு ஒரு சொட்டு தொடவில்லை என்று மாமா சத்தியம் பண்ணினார். சம்பளத்தன்று குடிக்கிற மனுஷன் சொல்வதை யார் நம்புவார்கள்? கை நனைக்காமலே போய்விட்டார். பிறகு அண்ணனும் தங்கச்சியும் பேசவே இல்லை. கொரோனா நேரத்தில் நெஞ்சு வலியில் அவர் போய்ச் சேர்ந்தார். ஊரடங்கில் பஸ் இல்லை. யாரோ போனில் முகத்தைக் காட்டினார்கள், அம்மா பார்க்கவில்லை. எல்லாம் திறந்த பிறகும், எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுப் போறது என்று இருந்துவிட்டாள்.

மறுநாள் அம்மா கொழுந்தை எடை நிறுத்துவிட்டு வந்து, இடுப்பில் கட்டிய படங்கைக்கூட அவிழ்க்காமல், "என்ன சொன்னாங்க?" என்று கேட்டாள். இரவெல்லாம் நாங்கள் சொல்லாமல் தள்ளிப் போட்டிருந்தோம். இப்போது நான் சொன்னேன். அப்பா எழுந்து பெக்டரிக்குப் போய்விட்டார். அம்மா வழி வரும் என்றதும் அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டாள். "எங்க ஆளுங்க யாருக்கும் இல்லையே" என்றாள். பஸ்ஸில் செங்கல் கலர் சேலையைத் தம்பி பச்சை என்றதைச் சொன்னேன். அவள் என் முகத்தையே பார்த்தாள். பிறகு உள்ளே போனாள். பெட்டி திறக்கிற சத்தம் கேட்டது.

மாமா கொண்டாந்த சேலையை அவள் எரித்துவிட்டாள் என்றுதான் நான் நினைத்திருந்தேன். மடிப்புக் கலையாமல் வைத்திருந்திருக்கிறாள். வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டு வந்து விரித்தாள்.

"தம்பி, இங்க வா. இது என்ன கலரு?"

"வேணாம்மா. விடுங்க."

"சொல்லுடா."

அவன் பார்த்தான். "பச்சை."

"நல்லா பாத்துச் சொல்லு."

"பச்சைதாம்மா. நல்ல கொழுந்துப் பச்சை."

அம்மா அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். சேலையை முகத்தில் பொத்திக்கொண்டு, "கேட்டதத்தானே அண்ணன் கொண்டாந்திருக்கு, கேட்டதத்தானே கொண்டாந்திருக்கு" என்று அழுதாள். அவள் அண்ணனுக்கு அழுதாளா, மகனுக்கு அழுதாளா என்று என்னால் பிரிக்க முடியவில்லை. எனக்கும் அழுகை வந்துவிட்டது. தம்பி மட்டும் ஒன்றும் புரியாமல் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். மாமா கதையை அவனுக்கு நான்தான் சொன்னேன். கேட்டு முடித்துவிட்டு, "மாமாவுக்குக் கடைசி வரைக்கும் தெரியாதாக்கா?" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மா குளித்து, அந்தச் சேலையைக் கட்டிக்கொண்டு, பூவும் கற்பூரமும் எடுத்துக்கொண்டு புறப்பட்டாள். மாமாவைப் புதைத்த இடத்துக்குத் தனியாகத்தான் போக வேண்டும் என்றாள். ரோட்டுக்குப் போகிற குறுக்குப் பாதை தேயிலைக்குள்ளே இறங்கும். பனி விலகி வெயில் அடித்தது. நானும் தம்பியும் லயத்து வாசலில் நின்றோம்.

"அம்மா எங்கக்கா? காணோமே" என்றான்.

மலை முழுக்கப் பச்சை. நடுவில் காவிச் சேலை எரிகிற மாதிரி தெரிந்தது. நான் அவன் கையைப் பிடித்து நீட்டிக் காட்டினேன்.

"அந்தா, அந்த வளைவுல."

"ம்" என்றான். அவன் பார்த்துக்கொண்டிருந்தது வேறு பக்கம். நான் கையை விடாமல் பிடித்துக்கொண்டேன். அம்மா ஒரு தரம் நின்று, எங்களைத் திரும்பிப் பார்த்துக் கையை ஆட்டினாள். நான் ஆட்டினேன். நான் ஆட்டுவதைப் பார்த்து அவனும் ஆட்டினான்.